மொட்டை வலையையும் படமெடுங்கள்

மேக்ரோ லென்சைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் சிலந்தி தேடித் திரியும் அன்பர்களுக்கு,



உங்களில் சிலரிடமாவது இப்படி ஒரு படம் இருக்கும். பனி கோத்த வட்ட வலை, நடுவில் வெள்ளி வயிற்றோடு சிலந்தி, வெளிச்சமும் வாகாக விழுந்திருக்கும். ஆனால் வயிற்றின் மேல், முன்பக்கமாக, வெளுத்த புழு ஒன்று குறுக்கே ஒட்டிக் கிடக்கும். அது அழகைக் கெடுக்கிறது என்று படத்தை ஒதுக்கிவிட்டு, புழு இல்லாத அடுத்த சிலந்தியைப் பார்க்கப் போயிருப்பீர்கள்.

இன்னொரு காட்சி, அதை யாரும் படமே எடுப்பதில்லை. இரண்டு கிளைகளுக்கு நடுவே விரல்விட்டு எண்ணக்கூடிய சில இழைகள். சுருள் இல்லை, ஒட்டும் பசை இல்லை, சிலந்தியும் இல்லை. நடுவில் மட்டும் சின்னதாக ஒரு நூல்கூடு தொங்கும். கைவிடப்பட்ட பழைய வலை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம்.

இரண்டாவது காட்சியில் இருப்பது, முதல் படத்தில் உள்ள சிலந்தி தன் வாழ்நாளில் கடைசியாகக் கட்டிய வலையாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு இரவு. அந்த இரவைப் பற்றியும், நீங்கள் வேண்டாமென்று அழிக்கும் படங்களைப் பற்றியும்தான் இந்த மடல்.

அந்தப் புழு ஒரு குளவியின் பிள்ளை. இக்னியூமோனிடே என்னும் மிகப் பெரிய குளவிக் குடும்பத்தில், சிலந்திகளையே நம்பிப் பிழைக்கும் கிளை ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் அதைப் பொலிஸ்ஃபிங்க்டா கூட்டம் என்கிறார்கள். உலகெங்கும் 200க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். தாய்க்குளவி சிலந்தியின் உடம்பின் மேல் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். மற்றதெல்லாம் பிள்ளையின் பொறுப்பு.

சிலந்தியை வேட்டையாடும் குளவி நமக்குப் புதிதில்லை. வீட்டுச் சுவரில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். குளவி கூடு கட்டினால் வீட்டில் விசேஷம் வரும் என்று அதைக் கலைக்கவிடாத பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். ஏதோ ஒரு புழுவைத் தூக்கிவந்து, கொட்டிக் கொட்டியே அதைக் குளவியாக்கிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் நம் ஊரில் உண்டு. கூட்டை உடைத்துப் பார்த்தால் விஷயம் வேறு. உள்ளே சிலந்திகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும், உயிர் இருக்கும், அசைவு இருக்காது. அவற்றில் ஒன்றின் மேல் குளவியின் முட்டை இருக்கும். புழுவைக் குளவி தன்னைப்போல் ஆக்கவில்லை, தன் புழுவுக்குச் சாப்பாடு கட்டி வைத்திருக்கிறது. இந்த மண்குளவிகளில் ஒன்று சென்னையின் பழைய பெயரையே சுமக்கிறது: ஸெலிஃப்ரான் மதராஸ்படானம். 1781இல் ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர்.

மண்குளவியிடம் மாட்டிய சிலந்தி மறுபடி எழுந்திருக்காது. பொலிஸ்ஃபிங்க்டா கூட்டத்துக் குளவியிடம் மாட்டியது எழுந்துவிடும். எழுந்து வலை பின்னும், பூச்சி பிடிக்கும், தின்னும், முதுகில் உட்கார்ந்திருப்பவனையும் சேர்த்து வளர்க்கும். மண்குளவி கிடங்கில் சரக்கைப் பூட்டி வைக்கிறது. இதுவோ சரக்கையே சம்பாதிக்க அனுப்புகிறது.

2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வில்லியம் எபர்ஹார்ட் எழுதிய மிகச் சிறிய கட்டுரை ஒன்று வந்தது. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்திலும் கோஸ்டா ரிகா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர் அவர். வலை பின்னும் சிலந்தியின் ஒவ்வொரு கால் அசைவையும் பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்துக் குறித்தவர். அவருடைய களம் ஒன்றும் பெருங்காடு இல்லை. கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையோரம், பர்ரிட்டா என்ற ஊரையொட்டிய எண்ணெய்ப்பனைத் தோட்டம். அங்கே லியூகாஜ் ஆர்ஜைரா என்ற சிலந்தியும், ஹைமெனோஎபிமெசிஸ் ஆர்ஜைராஃபாகா என்ற குளவியும். பெயர்கள் வாய்க்குள் நுழையாவிட்டால் பரவாயில்லை, லியூகாஜ் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நம் நெல்வயல்களில் வெள்ளி வயிற்றோடு, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் வலை கட்டி அதன் அடியில் தொங்குகிறதே, நீங்கள் சலிக்காமல் படமெடுக்கும் அந்தச் சிலந்தி இதே பேரினம்தான்.

பெண்குளவி வலையின் நடுவில் இருக்கும் சிலந்தி மேல் பாய்ந்து வாய்ப்பக்கமாகக் கொட்டும். 10 முதல் 15 நிமிடம் சிலந்தி மரத்துப்போய்க் கிடக்கும். அதற்குள் வயிற்றின் மேல் முட்டை ஒட்டப்பட்டுவிடும். மயக்கம் தெளிந்த சிலந்தி ஒன்றும் நடக்காததுபோல வேலைக்குத் திரும்பும். பொரிந்து வரும் புழு வயிற்றுத் தோலில் சிறுசிறு துளைகள் இட்டு உடல்நீரை உறிஞ்சிக் குடிக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் இப்படிப் போகும். அந்த நாட்களில் சிலந்தி கட்டும் வலையைப் பார்த்து, இது நோய்ப்பட்டது என்று சொல்லவே முடியாது. புழுவைக் காலால் தட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சிலந்தியின் காலுக்கு எட்டாத இடமாகப் பார்த்தே அது உட்கார்ந்திருக்கிறது. வளர வளரத் தான் உரித்த தோலையே இருக்கையாக்கிப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது.

பிறகு அந்தக் கடைசி இரவு வருகிறது.

வழக்கமாக லியூகாஜ் வலை கட்டும் முறை உங்களுக்குத் தெரியும். முதலில் வெளிச்சட்டம், பிறகு நடுவிலிருந்து ஆரங்கள், பிறகு தற்காலிகச் சுருள், கடைசியாகப் பசை பூசிய ஒட்டும் சுருள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்னச் சின்ன வேலைகள் வரிசையாக உண்டு. புழு தன்னைக் கொல்லப்போகும் இரவில் சிலந்தி இந்த வரிசையின் தொடக்கத்திலுள்ள ஒரே ஒரு துண்டை, சட்டமும் ஆரமும் இடும்போது வரும் ஒரு சிறு வேலையை மட்டும், எடுத்துக்கொள்கிறது. நடுவிலிருந்து புறப்பட்டுக் கிளை வரை போகும், இழையை ஒட்டும், திரும்பி வரும். மறுபடி போகும், வரும். பந்தல் போட வந்தவர் கால் ஊன்றுவதை மட்டும் விடிய விடியச் செய்து, கீற்றைத் தொடாமலே போவதுபோல. போன தடத்திலேயே மீண்டும் மீண்டும் இழை விழுவதால் ஒவ்வொரு இழையும் தடித்துப் பலமாகிறது. சுருள் மட்டும் விழுவதே இல்லை. கடைசியில் கிடைப்பது பூச்சி பிடிக்க எதற்கும் உதவாத, ஆனால் எளிதில் அறுந்துவிடாத சில கயிறுகள். அந்த மொட்டை வலை.

வேலை முடிந்ததும் சிலந்தி நடுவில் வந்து அசையாமல் உட்காரும். நள்ளிரவு வாக்கில் புழு கடைசித் தோலை உரிக்கும். இப்போது அதன் முதுகில் வரிசையாகச் சிறு முண்டுகள் முளைத்திருக்கும். சிலந்தியைக் கொன்று, மிச்சமிருப்பதை எல்லாம் உறிஞ்சிவிட்டு, சக்கையைக் கீழே போடும். இனி சிலந்தியின் உடம்பு அதற்குப் பிடிமானம் இல்லை. முதுகு முண்டுகளால் இழையைப் பற்றிக்கொண்டு தலைகீழாய்த் தொங்கும். அடுத்த நாள் மாலை கூடு நெய்யத் தொடங்கும். கூடு தொங்குவது சிலந்தி கட்டிக்கொடுத்த அந்தக் கயிறுகளில்தான்.

சாதாரண வட்ட வலையிலேயே தொங்கினால் என்ன? வெப்பமண்டல மழைக்கு வட்ட வலை நிற்காது. காற்றில் பறந்துவரும் இலையும் சருகும் ஒட்டிக்கொண்டு அதை இழுத்துக் கிழிக்கும். பழுது பார்க்கச் சிலந்தியும் இல்லை. கூட்டுப்புழுவாய்க் கிடக்கும் நாட்கள் முழுவதும் தாங்க வேண்டுமென்றால் பசையில்லாத, தடித்த, சுருளில்லாத வலைதான் வேண்டும்.

இதுவரை உள்ளது திகில் கதை. எபர்ஹார்ட் அடுத்து செய்த எளிய காரியம்தான் இதை அறிவியலாக்கியது. மொட்டை வலைக்கான வேலை தொடங்கவிருக்கும் நேரம் பார்த்துப் புழுவைச் சிலந்தியின் மேலிருந்து எடுத்துவிட்டார். புழு போன பிறகும் சிலந்தி அன்றிரவு மொட்டை வலையையே கட்டியது. சில சிலந்திகள் அடுத்த இரவும் அதையே கட்டின. பிறகு சில கொஞ்சங் கொஞ்சமாகப் பழைய வலைக்குத் திரும்பின. 2010இல் அவர் வெளியிட்ட தொடர் ஆய்வு இன்னும் சுவையானது. பாதிப்பு எந்த வரிசையில் ஏறியதோ, ஏறத்தாழ அதற்கு நேர் எதிர் வரிசையில் இறங்கியது. ஆகப் புழு கடித்துக் குத்தி நிமிடத்துக்கு நிமிடம் சிலந்தியை ஓட்டவில்லை. உடம்புக்குள் ஏதோ ஒரு சரக்கை ஏற்றி வைத்திருக்கிறது. அது ஏற ஏற வலை மாறுகிறது, வடிய வடியத் தேறுகிறது.

சரி, என்ன சரக்கு அது? ஒரு புழு எப்படி ஒரு சிலந்திக்கு வலை வரைபடத்தைக் கற்றுக்கொடுக்கும்?

இந்த இடத்தில்தான் பல காணொளிகளும் தலைப்புச் செய்திகளும் வழுக்கிவிடுகின்றன. மூளையைக் கைப்பற்றிய குளவி, ஜாம்பிச் சிலந்தி என்று இசை போட்டு ஓட்டிவிடுகிறார்கள். கேட்கப் பரபரப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் குளவி எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே இதிலுள்ள பெரிய செய்தி. மொட்டை வலை கட்டச் சிலந்திக்கு முன்பே தெரியும்.

செக் நாட்டில் பணியாற்றிய ஸ்டானிஸ்லாவ் கொரென்கோவும் ஸ்டானோ பெகாரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அவர்கள் எடுத்துக்கொண்டது ஜாட்டிபோட்டா பெர்கொன்டாடோரியா என்ற ஒரே குளவி, ஆனால் அது தாக்கும் இரண்டு வேறு சிலந்திகள். இரண்டுமே வட்ட வலை கட்டாதவை, தாறுமாறாய் இழையோடும் சிக்கல் வலைக்காரர்கள். நியோட்டியூரா பைமாகுலேட்டா என்ற சிலந்தி புழுவின் பிடியில் அடர்ந்த வலை ஒன்றைப் பின்னியது. தெரிடியான் வேரியன்ஸ் என்ற சிலந்தியோ கவிகை போன்ற ஒரு கூரையைக் கட்டியது. குளவி ஒன்றுதான், கட்டடம் இரண்டு.

குளவியிடம் ஒரு வரைபடம் இருந்திருந்தால் இரண்டு சிலந்திகளும் ஒரே மாதிரி அல்லவா கட்டியிருக்க வேண்டும்? ஆய்வாளர்கள் புழு பிடிக்காத சிலந்திகளைக் கவனித்தார்கள். நியோட்டியூரா தன் முட்டைப்பையைச் சுற்றியும், குளிர்காலத்தில் தனக்காகவும், அதே அடர்ந்த வலையைப் பின்னுகிறது. தெரிடியான் குளிர்காலத்தைக் கழிக்க அதே கவிகையைக் கட்டுகிறது. போதாதென்று, சுற்றியுள்ள சூழலை மாற்றிப் பார்த்தார்கள். புழுவே இல்லாத சிலந்திகளும் அந்த வலைகளைக் கட்டின. ஆக, புழு செய்தது வேறு வேலை. காலம் தவறி, அந்தந்தச் சிலந்தியின் பனிக்காலத்தை அதற்குள் வரவழைத்துவிட்டது.

ஜப்பானில் கெய்சோ தகாசுகா குழுவினர் 2015இல் காட்டியதும் இதே திசையில்தான் போகிறது. சைக்ளோசா அர்ஜென்டியோஆல்பா என்ற சிறு வட்ட வலைச் சிலந்தியையும், ரெக்ளினெர்வெல்லஸ் நீல்செனி என்ற குளவியையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். சைக்ளோசா நம் தோட்டங்களிலும் உள்ள பேரினம்தான். இரையின் சக்கையையும் குப்பையையும் வலை நடுவே கோடாகக் கோத்து, அதற்குள் தானும் ஒரு குப்பைபோல உட்கார்ந்திருக்கும் இனங்கள் இதில் உண்டு.

எந்தச் சிலந்தியானாலும் வளர வேண்டுமென்றால் தோலை உரித்தாக வேண்டும். உரிக்கும் நேரம் அதற்கு ஆபத்தான நேரம். உடம்பு மெத்தென்றிருக்கும், ஓட முடியாது, சண்டை போட முடியாது. அந்த நேரத்தில் பூச்சி வந்து வலையில் மாட்டினாலும் தொல்லைதான். அதனால் தோலுரிக்கும் முன் ஜப்பானியச் சைக்ளோசா, பசைச் சுருள் இல்லாத ஓய்வு வலை ஒன்றைக் கட்டுகிறது. சில இழைகள் மட்டும், அவற்றின் மேல் பஞ்சு படர்ந்ததுபோல் நூல் அலங்காரம். புழு கட்டவைக்கும் மொட்டை வலையை இதோடு ஒப்பிட்டால் வடிவம் அப்படியே பொருந்துகிறது. அந்த நூல் அலங்காரமும் வந்துவிடுகிறது. அது புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பறவைகளும் பூச்சிகளும் அந்த ஒளியைக் காணக்கூடியவை. வழியில் ஏதோ இருக்கிறது என்று அவை விலகிப் போக இது உதவலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஒரே ஒரு வேறுபாடு. சிலந்திக்கு ஓய்வு வலை கொஞ்ச நேரத்துக்கே தேவை, குளவிக்கோ பத்து நாளுக்கு மேல் தேவை. புழு கட்டவைத்த வலையின் இழைகளை இழுத்துச் சோதித்தபோது அவை சிலந்தி தனக்காகக் கட்டும் ஓய்வு வலையைவிடவும் பலமாக இருந்தன. தெரிந்த வேலையைத்தான் சிலந்தி செய்கிறது, ஆனால் அளவு மீறிச் செய்கிறது.

தோலுரிப்பு என்றதும் அடுத்த கேள்வி தானே வரும். பூச்சிகளையும் சிலந்திகளையும் தோலுரிக்க வைப்பது எக்டைசோன் வகை ஹார்மோன். அதுதான் அந்தச் சரக்கா? பிரேசிலில் 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், சைக்ளோசா சிலந்திகளைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். மாறிய வலை கட்டிக்கொண்டிருந்த சிலந்திகளின் உடம்பில் இந்த ஹார்மோன் மற்றவற்றைவிட அதிகமாக இருந்தது. 2019இல் எபர்ஹார்டும் பிரேசிலின் மார்செலோ கொன்சாகாவும் பல இனங்களின் மொட்டை வலைகளையும் தோலுரிப்பு வலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எக்டைசோன்தான் சாவி என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தார்கள். புழு அதைத் தானே சுரந்து ஏற்றுகிறதா, சிலந்தியையே சுரக்கவைக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. எப்படியானாலும் சிலந்தி உணர்வது ஒன்றுதான்: தோலுரிக்கும் நேரம் வந்துவிட்டது, பாதுகாப்பாகக் கட்டிக்கொள்.

இங்கேதான் உங்கள் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது.

2019 ஒப்பீட்டைச் செய்ய எபர்ஹார்டுக்குப் புழு பிடித்த சிலந்திகளின் வலைகள் மட்டும் போதவில்லை. நோயில்லாத சிலந்தி தோலுரிக்கும்போது கட்டும் வலை எப்படி இருக்கும் என்பதும் வேண்டியிருந்தது. பல இனங்களுக்கு அப்படியொரு பதிவே கிடையாது. காரணம் எளிது. அந்த வலை பார்க்க அசிங்கமாக இருக்கும். நாலு இழை, நடுவில் உலர்ந்த தோல், பக்கத்தில் வெளிறிப்போன சிலந்தி. யார் படமெடுப்பார்கள்? நீங்களும் எடுப்பதில்லை. தமிழ்நாட்டுச் சிலந்திகளின் பளபளக்கும் படங்கள் உங்களிடம் குவிந்து கிடக்கின்றன. முழு வட்ட வலை, பனித்துளி, காலை வெயில். ஆனால் அதே சிலந்தி முட்டையைச் சுற்றி என்ன கட்டுகிறது, தோலுரிக்க என்ன கட்டுகிறது, வாடைக்காலத்தில் என்ன கட்டுகிறது என்று கேட்டால் படம் இல்லை. குளவி களவாடுவது இந்த அசிங்கமான வலைகளைத்தான். களவு போனது என்னவென்று தெரிய, முதலில் வீட்டில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டாமா?

வட்ட வலையோடு கதை முடியவில்லை. ஈக்வடாரின் அமேசான் பகுதியில் அனெலோசிமஸ் எக்சிமியஸ் என்ற கூட்டுக்குடும்பச் சிலந்தி இருக்கிறது. பெரிய காலனிகளில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழும், சேர்ந்தே வேட்டையாடும், பிள்ளைகளைச் சேர்ந்தே வளர்க்கும், வீட்டைவிட்டு வெளியே போவது அபூர்வம். ஜாட்டிபோட்டா பேரினக் குளவியின் புழு ஒட்டிய சிலந்தி மட்டும் காலனியைவிட்டு வெளியேறித் தனியாகப் போய், இலைத்துணுக்குகளைச் சேர்த்து நெருக்கமாய் நெய்த மூடுவலை ஒன்றைக் கட்டி அதற்குள் அடங்கிக் கிடந்தது. புழு அங்கே அதைத் தின்று முடித்துக் கூடு கட்டியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஃபெர்னாண்டஸ்-ஃபூர்னியே, லெட்டிசியா அவிலேஸ் முதலியோர் 2018இல் இதை எழுதினார்கள். காலனி பெரிதாக இருக்க இருக்கக் குளவியின் தாக்குதலும் அதிகம். நல்ல சமையல் நடக்கும் வீட்டைக் குளவியும் தெரிந்துதான் வைத்திருக்கிறது.

ஜப்பானில் ப்ராக்கிசாபஸ் நிக்கோயென்சிஸ் என்ற குளவி புனல் வலைச் சிலந்தியான அஜெலினாவைத் தாக்குகிறது. அங்கே புழு கட்டவைப்பது தன்னை மூடிக்கொள்ள ஒரு திரை, வேட்டையாட வருவோருக்குத் தடுப்பு. மழைதான் எதிரி என்றால் கயிறு, உள்ளே நுழைபவர்கள் எதிரி என்றால் திரை.

தாய்க்குளவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலந்தி வலையில் இறங்குவது எந்தக் குளவிக்கும் உயிரோடு விளையாட்டு. ஜாட்டிபோட்டா ஆல்பிகாக்ஸா என்ற குளவி வீட்டுச் சிலந்தியின் சிக்கல் வலையில் தானாகவே தொங்கி, மாட்டிக்கொண்ட இரைபோலக் காத்திருக்கும். சில நேரம் வலை இழையைப் பிடித்துச் சுருட்டிச் சுருட்டி இழுக்கும். ஏதோ சிக்கியிருக்கிறது என்று சிலந்தி இறங்கி வரும். வந்தவுடன் கொட்டு. தகாசுகாவும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் இந்தக் குளவியின் வேட்டை முறையை விவரித்தார்கள். இன்னொன்றும் உண்டு. தான் முட்டையிடப்போகும் சிலந்தி மேல் ஏற்கெனவே வேறொரு குளவியின் முட்டையோ புழுவோ இருந்தால், அதை அகற்றிவிட்டுத் தன் முட்டையை வைக்கும் இனங்கள் இருக்கின்றன. குடியிருப்பவரைக் காலி செய்துவிட்டுத்தான் புதுக் குடித்தனம்.

இப்போது வேண்டுகோளுக்கு வரலாம்.

புழு ஒட்டிய சிலந்தியைக் கண்டால் படத்தோடு முடிக்காமல் அந்த இடத்தை அடையாளம் வையுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே வலையைப் பார்க்கப் போங்கள். புழு சிறிதாய் இருந்தால் இன்னும் பல நாள் அவகாசம் உண்டு. நன்றாகத் தடித்துவிட்டால் அன்றிரவே நடக்கலாம். அன்று மாலை டார்ச்சோடு போவது புத்திசாலித்தனம். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் சிலந்தியை அதிகம் கலைக்காது. சட்டம் போடுகிறதா, சுருள் தொடங்குகிறதா என்பதைப் பார்த்துவிட்டால் போதும், மீதியைக் காலையில் போய்ப் பார்க்கலாம்.

வலையைப் படமெடுக்க வழக்கமாகத் தண்ணீர் தெளிப்பீர்கள். சிலந்தி ஆய்வாளர்கள் சோளமாவையோ முகப்பவுடரையோ மென்மையாகத் தூவுவார்கள். இழை வெள்ளையாய்த் துலங்கும், எண்ண முடியும். ஆனால் உயிருள்ள சிலந்தி இருக்கும் வலையில் தூவினால் அது வலையைத் தின்றுவிட்டு வேறு கட்டும் அல்லது கிளம்பிப் போய்விடும். சிலந்தி செத்து, கூடு மட்டும் தொங்கும் மொட்டை வலைக்கு அந்தப் பயம் இல்லை. கூட்டின் மேல் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி. படத்தில் அளவுகோல் ஒன்றை வைக்க மறக்காதீர்கள். வலை நேராகத் தெரியும்படி ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம்.

பாவம் என்று நினைத்துப் புழுவைப் பிடுங்கிப் போட வேண்டாம். எபர்ஹார்ட் பிடுங்கியது எண்ணி, குறித்து, திரும்பத் திரும்பச் செய்த சோதனை. இரக்கத்தில் பிடுங்கினால் குளவியும் பிழைக்காது, நமக்கும் ஒன்றும் தெரியாது. துளைபட்ட வயிற்றோடு சிலந்தி பிழைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

புழுவை மட்டும் படமெடுத்து இன்ன குளவி என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. குளவியாகி வெளிவந்தால்தான் பெயர் சொல்லலாம். கூடு தொங்கும் கிளையை இழையோடு நறுக்கி, துணி கட்டிய கண்ணாடிப் புட்டியில் வைத்து நிழலில் விட்டால் போதும், பட்டினி கிடக்கும் பருவம் என்பதால் சாப்பாடு வைக்க வேண்டியதில்லை. காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு இழையைக்கூட எடுக்காதீர்கள். அங்கே படம் மட்டும். உங்கள் சொந்தத் தோட்டத்துக்கும் வயலுக்கும் அந்தக் கவலை இல்லை.

வெளிவருவது நீங்கள் எதிர்பார்த்த குளவியாக இல்லாமலும் போகலாம். வல்லவனுக்கு வல்லவன் உண்டு. பிரேசிலில் ஹைமெனோஎபிமெசிஸ் கூடுகளிலிருந்து, கோனூரா என்ற வேறு பேரினத்துக் குளவி வெளிவந்திருக்கிறது. சிலந்தியைத் தின்ற புழுவை அது தின்று வளர்ந்திருக்கிறது. அப்படி ஏதாவது வந்தால் புட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள், அதுவும் பதிவுதான்.

வந்த குளவி பெண்ணா ஆணா என்று பாருங்கள். வயிற்றின் நுனியில் முட்டையிடும் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் பெண். இந்தக் கூட்டத்தில் சில இனங்களின் தாய்க்குளவிகள் பெரிய சிலந்தி மேல் பெண்முட்டையும் சிறிய சிலந்தி மேல் ஆண்முட்டையும் இடும் போக்கு கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே புழு ஒட்டிய முதல் நாளில் எடுத்த படத்தில் சிலந்தியின் நீளத்தை அளந்து, புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். நமது ஊர்க் குளவிகள் அந்தக் கணக்கைப் போடுகின்றனவா என்று அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் பார்க்க முடியும்.

அன்புடன்,
சிலந்தி வலை கலைக்காத ஒரு வாசகர்